நான்தான் மறந்திருப்பேன்

"தலைவலி மாத்திரை வாங்கிட்டு வரச் சொன்னேனே, எங்க?"

"நீங்க சொல்லலியே."

"சொன்னேன். காலையில ஷூ போடும்போது."

"நீங்க ஷூ போடும்போது நான் குளிச்சிட்டு இருந்தேன்."

"அப்ப நான் பொய் சொல்றேன். அப்படித்தானே?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல."

"இப்பத்தான் சொன்னே. முழுசா ஒரு நிமிஷம் ஆகல. உனக்கு எதுவுமே ஞாபகம் நிக்கிறதில்ல, கவனிச்சியா?"

"சரி, நான்தான் மறந்திருப்பேன்."

ஏழு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அவர் கத்த மாட்டார். கை ஓங்கியதில்லை. மற்றவர்கள் ரேடியோவைத் தணிப்பதுபோல, கோபம் ஏற ஏறக் குரலைத் தணித்துக்கொண்டே போவார். பிரிந்து வந்தபோது உறவுக்காரர்கள் வரிசையாகக் கேட்டார்கள். அடிச்சாரா? இல்லை. குடியா? இல்லை. வேற யாராச்சும்? அதுவும் இல்லை. அப்புறம் என்னதான்டி உன் பிரச்சினை என்று முகத்தைப் பார்த்தார்கள். ஒரு தலைவலி மாத்திரை என்று எப்படிச் சொல்வது?

கடைசி இரண்டு வருடம் எல்லாவற்றையும் எழுதி வைக்கத் தொடங்கியிருந்தேன். கிழிந்த காலண்டர் தாளின் பின்பக்கம், பொடி எழுத்தில், "செவ்வாய், காலை ஏழரை. திரைச்சீலை பச்சையே வாங்கு என்றார்." மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைப்பேன். சாயங்காலம் "பச்சையா? நானா சொன்னேன்?" என்று அவர் கேட்கும்போது அந்தத் தாளை எடுத்துக் காட்டியதே இல்லை. அவர் தூங்கிய பிறகு நானே எடுத்துப் படித்துக்கொள்வேன். எனக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கே ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

விவாகரத்து ஆகிப் பதினான்கு மாதமாகிறது. அந்த வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளும் இந்தப் பழக்கமும் என்னோடு வந்தன.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவேன். கடையின் பின்னறையில் தேய்க்கும் இயந்திரமும், அதன் மேல் எப்போதும் சொட்டும் தண்ணீரும், நானும் இருப்போம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் ஒரு சீட்டு. மற்றவர்கள் சீட்டில் பவரை மட்டும் எழுதுவார்கள். நான் ஆள் என்ன சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பது வரை எழுதுவேன். கடைக்கார அக்கா எனக்கு வைத்திருக்கும் பெயர் கோர்ட்டு குமாஸ்தா. "ஏம்மா குமாஸ்தா, நான் தும்மினதையும் எழுதிட்டியா?" என்பார். கண் பரிசோதிப்பதும் அவர்தான், முதலாளியும் அவர்தான். எனக்கும் சிரிப்பு வரும்.

போன திங்கட்கிழமை குடைக்காரர் வந்தார். வெயிலோ மழையோ கக்கத்தில் குடை இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. அக்கா பரிசோதனை அறைக்குள் இருந்ததால் நான்தான் முன்னால் போனேன். புதுக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

"இதுல தூரத்துல ஒண்ணுமே தெரியலம்மா. பஸ் நம்பர் தெரியல. தூரத்துக்கும் படிக்கிறதுக்கும் சேத்துல்ல கேட்டேன்?"

அவர் அப்படிக் கேட்கவில்லை. ஆர்டர் கொடுத்த அன்று, படிக்க மட்டும் போதும் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். என் கையெழுத்தில் அந்தச் சீட்டு, எட்டடி தூரத்தில், பின்னறைத் தட்டில் கிடந்தது.

"நீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"நான் சொன்னேன்மா," என்றார் அவர், குரலைத் தணித்து.

அவ்வளவுதான். பாவம், தொண்டை கட்டியிருந்ததோ என்னவோ. அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "நான்தான் தப்பாக் கேட்டிருப்பேன் சார். மன்னிச்சுக்குங்க. ரெண்டு நாள்ல மாத்தித் தரேன்."

இரண்டு நாள் மதிய சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமான புது லென்ஸைத் தேய்த்துப் பொருத்திக் கொடுத்தேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை. பழைய லென்ஸ்களை உறையில் போட்டுச் சீட்டோடு அதே தட்டில் வைத்தேன். எதையும் தூக்கிப் போட எனக்கு வராது.

வியாழக்கிழமை மதியம் குடைக்காரர் மறுபடி வந்தார். முழங்கையில் பிளாஸ்திரி.

"படியில இறங்கும்போது கால் எங்க வைக்கிறதுன்னே தெரியல. கீழ பாத்தா படி மெதக்குது. கைப்பிடியப் பிடிச்சதால தப்பிச்சேன்." இந்தமுறை அக்காவும் முன்னாலேயே இருந்தார். "அதோட, என் வீட்டுக்காரி திட்டுறா. படிக்க மட்டும்தான் கேட்டீங்க, நானும் பக்கத்துலதான நின்னேன்னு சொல்றா."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தட்டையே தூக்கிக்கொண்டு வந்தார். சீட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். குடைக்காரர் உறையிலிருந்து பழைய லென்ஸ் ஒன்றை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணுக்கு முன்னால் பிடித்துச் சத்தமாகப் படித்தார்.

"படிக்க மட்டும். தூரத்துக்கு வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். காலை பதினொன்று இருபது. சட்டைப் பையில் பேனா கசிந்திருந்தது." லென்ஸைத் தள்ளிப் பிடித்து ஒருதடவை பார்த்தார். "அட, படிக்க அருமையா இருக்கே!"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். குடைக்காரரும் சிரித்தார். "மறந்தே போச்சும்மா. என் தப்புதான், மனசுல வச்சுக்காத," என்றார், சில்லறை தவறி விழுந்ததற்குச் சொல்வதுபோல, சர்வ சாதாரணமாக. ஒரு ஆண்பிள்ளை இதை இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியுமா? இந்த நாலு வார்த்தைக்காகவா நான் ஏழு வருடம் காத்திருந்தேன்? எனக்கு நிம்மதி வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"ஆமா, இவ்வளவு எழுதி வச்சிருக்கியே," என்றார் அவர். "அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

மேசைமேல் இருந்த தட்டை எடுத்துக்கொண்டேன்.

பின்னறைக்குப் போய் இயந்திரத்தைப் போட்டேன். லென்ஸ் எதுவும் வைக்கவில்லை. சத்தம் மட்டும் வேண்டியிருந்தது. அக்கா வந்து அதை அணைத்தார்.

"எதுக்கு எழுதுற? அழகு பாக்கவா?"

"தப்புதான்க்கா."

"பாத்தியா, மறுபடியும்! எது தப்புன்னு நான் இன்னும் சொல்லவே இல்ல, அதுக்குள்ள தப்புங்குற. அந்த மனுஷன் உருண்டு விழுந்திருந்தா என்ன பண்ணுவே? உன் மன்னிப்பக் கொண்டுபோய் மாவுக்கட்டு போடுவியா?" மூச்சு வாங்க நிறுத்தினார். "எனக்குப் பத்திக்கிட்டு வருது. போ, முகத்தக் கழுவு."

பேருந்தில் வரும்போது எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆலோசகரிடம் பத்து தடவை போனேன். தனியாக சினிமா பார்த்தேன். முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டேன். இவ்வளவுக்குப் பிறகும், யாரோ ஒரு பெரியவர் குரலைத் தணித்துப் பேசினால் சுருண்டுவிடுகிறேன்.

முடி வெட்டிய மறுவாரம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "முடி வெட்டிக்கிட்டியாமே. உன் முகத்துக்கு அது எடுக்காதுன்னு அப்பவே சொன்னேன்ல." அவர் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனாலும் அன்று முழுக்கக் கண்ணாடி முன் நின்று, சொல்லியிருப்பாரோ என்று யோசித்தேன்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதற்குத் துப்பறியத் தேவையில்லை. வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் என் அம்மாவை ஃபோனில் கூப்பிடுவார். முழங்கால் வலி எப்படி இருக்கு அத்தை, மாத்திரை சாப்பிட்டீங்களா அத்தை. அப்பா போன பிறகு அம்மாவிடம் அப்படி விசாரிக்க வேறு யாரும் இல்லை. நான் உட்பட. அம்மா குளிர்ந்துபோவாள். பேச்சு வாக்கில் என் வேலை, என் தூக்கம், என் முடி எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். அதனால் நான் வீட்டில் பேசுவதைக் குறைத்தேன். இப்போது அம்மாவோடு வெயிலைப் பற்றியும் தண்ணீர் வருவதைப் பற்றியும் மட்டும்தான் பேச்சு. ஒரே கூரையின் கீழ் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம்.

பேசாதே என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம். அந்த வார்த்தைதான் வரவில்லை. ஏனென்றால் அது அவருடைய வார்த்தை. உன் சித்தி பொண்ணோட பேசாத. அந்த ஆபீஸ் சிநேகிதி வேண்டாம். உங்கம்மாவுக்கு வாரத்துல ஒரு ஃபோன் போதும். இப்படி ஒவ்வொருவராக என்னிடமிருந்து கழற்றினார். இன்னாரோடு பேசாதே என்று நானும் சொன்னால், அவருடைய வாய் என் முகத்துக்கு வந்துவிடுமோ என்று பயம்.

அன்று வீட்டுக் கதவைத் திறக்கும்போதே ஸ்பீக்கரில் அவர் குரல்.

"...நான் என்னிக்கும் அவளப் பேசக் கூடாதுன்னு சொன்னதே இல்ல அத்தை. அவளுக்கு ஞாபகம் கொஞ்சம் அப்படி இப்படி. நீங்கதான் பாத்துக்கணும்."

"ஆமாப்பா. இதோ வந்துட்டா. முகமே சரியில்ல, கடையில என்னவோ..."

செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். மேசைமேல் இருந்த ஃபோனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "என்னடி இது? பாதியில வெட்டிட்டே? மாப்பிள்ளை என்ன நினைப்பாரு?"

"அவரு உனக்கு மாப்பிள்ளை இல்லம்மா. பதினாலு மாசமாச்சு."

"வாயில வந்துடுது, விடு. வயசானவ காலு வலிக்குதான்னு ஒருத்தர் கேக்குறாரு. அதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"நான் முடி வெட்டினத அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அதிலென்ன இருக்கு? நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்." அம்மாவின் குரல் உடைந்தது. "நீயும் என்கூடப் பேசுறதில்ல. பேசுறவங்ககூடவும் பேச விட மாட்டேங்குற. சுவத்தோடயா பேசுவேன்? அவர் கூப்பிடுறது உனக்குப் பிடிக்கலன்னா சொல்லியிருக்கணும். நீ ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னியா? சொல்லு, சொன்னியா?"

சொல்லியிருப்பேனோ, நான்தான் மறந்திருப்பேனோ என்று பழைய வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதை நிறுத்தி, யோசித்தேன். இல்லை. சொல்லவில்லை. அம்மா கேட்பது நியாயம். காலண்டர் தாளில் எழுதினேன், சீட்டில் எழுதினேன். இருக்க வேண்டிய ஒரே இடத்தில், அம்மாவின் காதில், ஒரு வார்த்தைகூடப் போடவில்லை.

ஃபோன் மறுபடி அடித்தது. மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. அம்மாவின் கை பழக்கத்தில் அதை நோக்கிப் போயிற்று. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது.

"சொல்லலம்மா. இப்பச் சொல்றேன். இனிமே அவரு ஃபோன எடுக்காத. என்னப் பத்தி அவருகிட்ட எதுவும் சொல்லாத. உனக்குக் கால் வலிச்சா என்கிட்ட சொல்லும்மா."