பொதுவான குறிப்பு

போனில் அந்தக் குழுவில் நானூற்றுச் சொச்சம் பேர். எல்லோரும் சைக்கிள்காரர்கள், எல்லோருக்கும் எல்லாம் தெரியும். டயரில் எவ்வளவு காற்று அடிப்பது என்று ஒருவர் கேட்டால் பதினேழு பேர் பதினேழு கணக்குச் சொல்வார்கள். கேட்டவர் பதினெட்டாவதாக ஒன்றைச் செய்துவிட்டு எல்லோருக்கும் நன்றி சொல்வார். கண்ணாடிக்காரர் பதில் போட்டால் மட்டும் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அவருக்கு அங்கே "டாக்டர்" என்று பட்டம்.

பிழைப்புக்கு அவர் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர். முதலாளியம்மா அவரை "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவார். நாள் முழுக்க "இந்தாங்க" என்று கேட்ட காதுக்கு "டாக்டர்" எப்படி இனிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு கையில் டீ, மறு கையில் போன். இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வந்திருந்தன. மிதித்தால் செயின் கிறீச்சிடுகிறது என்று ஒரு தையற்காரர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரு அம்மா: "டிஸ்க் பிரேக் பிடிச்சா கிறீச்சுன்னு கத்துது அண்ணா. தண்ணித்தொட்டி ஸ்கூல் மேட்டுலேருந்து பொண்ணைப் பின்னாடி வச்சுக்கிட்டு இறங்கணும். என்ன பண்ணலாம்?"

கண்ணாடிக்காரர் முதல் கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் தட்டினார். "சத்தம் வர்ற இடத்துல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைச்சிடுங்க. அப்புறம் பாருங்க!" அனுப்பிவிட்டு டீயைக் குடித்தார், வேலைக்குப் போனார்.

மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தார். தையற்காரருக்குச் சொன்ன பதில் அந்த அம்மாவின் கேள்விக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே அவள் எழுதியிருந்தாள்: "சரிங்கண்ணா. மூணு மணிக்கு அவளைக் கூப்பிடப் போறப்ப விட்டுடறேன்." பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். பாவிகள், ஒருத்தராவது படித்துப் பார்த்திருக்கக் கூடாதா? டாக்டர் சொல்லிவிட்டால் இவர்கள் படிப்பதே இல்லை.

டிஸ்க் பிரேக் என்பது சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகட்டை இரண்டு பக்கமும் கட்டைகள் கவ்விப் பிடிப்பது. எண்ணெய் பட்டால் கவ்வாது, வழுக்கும். அவள் வீட்டிலிருந்து பள்ளிக்கு மேடு, ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை. திரும்பும்போதுதான் தெரியும். அப்போது பின்னால் குழந்தை இருக்கும்.

அவர் முதலில் செய்த காரியம், அந்தப் பதிலை அழித்தது. அழித்ததும் அப்பாடா என்றிருந்தது. ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாய் இறங்கவில்லை. போனில் அழித்தால் அவள் மண்டையில் அழியுமா?

"நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று அடித்தார், அழித்தார். "காலையில் ஒரு சின்னக் குழப்பம்" என்று அடித்தார், அதையும் அழித்தார். குழுவில் "அளவுகோல்" என்று ஒரு ஆசாமி உண்டு. எதையும் மில்லிமீட்டரில் பேசுகிறவர், மூன்று வருடமாக டாக்டரை ஒரு தப்பில் பிடிக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பவர். அவர் முகத்தை நினைத்ததும் கண்ணாடிக்காரரின் விரல் வேறு பக்கம் திரும்பியது.

"நண்பர்களே, ஒரு பொதுவான குறிப்பு. டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் படவே கூடாது. பட்டுவிட்டால் வண்டியை ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டே போங்கள்."

பத்து நிமிடத்தில் நாற்பது கட்டைவிரல்கள். "நெத்தியடி டாக்டர்" என்று அளவுகோலே எழுதியிருந்தார். கண்ணாடிக்காரருக்குக் கூசியது. நாற்பதில் அவள் இல்லை.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மூன்று மணிக்கு வலக்கண் லென்ஸை இடக்கண் வளைவுக்குத் தேய்த்து வைத்திருந்தார்.

"இந்தாங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார் முதலாளியம்மா.

"வயிறு சரியில்லம்மா. கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துடறேன்."

வாசலில் நின்று, குழுவில் தெரிந்த அந்த அம்மாவின் எண்ணுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு விழுந்தடித்துக் கிளம்பினார். நேரில் பார்த்துக் காதோடு காதாகச் சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று போகிற அந்த அவசரத்திலும் ஒரு மூலையில் தோன்றியது. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு மிதித்தார்.

தண்ணீர்த்தொட்டி மேடு சாதாரண மேடில்லை. பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. எதிரில் இறங்கிய ஒவ்வொரு சைக்கிளிலும் பின்னால் குழந்தை இருக்கிறதா என்று பார்த்தார். மேட்டின் வளைவில், ஒரு பெண் சைக்கிளை ஓட்டாமல், அது கீழே இழுத்துக்கொண்டு ஓடாதபடி முழு உடம்பையும் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பக்கத்தில் முதுகுப் பையோடு ஒரு சிறுமி.

"எண்ணெய் விட்டுட்டீங்களா?" என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவள் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "டாக்டரா?"

"ஆமாம்மா."

"விட்டேன். தாராளமாவே விட்டேன். நீங்க போன் பண்ணப்ப மேடு ஏறிக்கிட்டிருந்தேன். ஸ்கூல் வாசல்ல நின்னு, உங்களுக்கு ஒரு நன்றி போடலாம்னு குரூப்பைத் திறந்தேன். நீங்க சொன்னது அழிஞ்சு கிடக்கு, கீழ பொதுவான குறிப்பு." அவள் குரல் உயரவில்லை. "நாப்பது பேரு கை தட்டியிருக்காங்க சார். அது எனக்கு எழுதினதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவருக்குக் காது மடல் சுட்டது. "மன்னிச்சிடுங்கம்மா. தையற்காரருக்குப் போட்ட பதில் மாறிப் போச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"தப்பு யாருக்கும் வரும். என்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன? நான் பார்த்துட்டேன். காலைலேருந்து நீங்க அழிக்கிற வரைக்கும் வேற யார் யார் அதைப் பார்த்தாங்களோ."

அது அவருக்குத் தோன்றவே இல்லை. நடுத்தெருவில் நின்றபடியே போனை எடுத்தார். சிறுமி அவருடைய சைக்கிளைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள். பட்டத்தையும் மானத்தையும் பார்க்காமல், எதையும் பூசி மெழுகாமல் அடித்தார். "காலையில் பிரேக்குக்கு எண்ணெய் விடச் சொன்னது நான். தப்பு. பயந்து அழித்துவிட்டேன். யாராவது விட்டிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். உடனே எனக்குச் சொல்லுங்கள்."

கட்டைவிரல் ஒன்றுகூட வரவில்லை. அளவுகோலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து, குழுவில் இதுவரை ஒரு வரிகூட எழுதாத ஒருவர் எழுதினார்.

"நானும் விட்டுட்டேன் சார். மனைவி இப்பதான் எடுத்துட்டுக் கிளம்பினா, போனை வீட்லயே வச்சுட்டா. பின்னாடியே ஓடுறேன்."

அந்த அம்மா எட்டிப் படித்தாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "ஓடிப் பிடிச்சுடுவாருல்ல?" என்று அவரைத்தான் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. "தெரியலம்மா" என்றார். மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.