மணமகன் கட்டத்தில் மாமனார்

கணவனுக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்த அன்று காலையில்தான், காகிதத்தின்படி அவனுக்குத் தான் எந்த உறவுமே இல்லை என்பது அவளுக்குத் தெரியவந்தது.

ஒப்புதல் படிவத்தோடு வந்த நர்ஸ் அடையாள அட்டையைக் கேட்டாள். அட்டையில் இவள் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயர். கணவன் பெயர் எங்கேயும் இல்லை.

“கல்யாணச் சான்றிதழ் இருக்கா மேடம்?”

“இருக்கு. வெளிநாட்டுல வாங்கினது.”

“இங்க பதிஞ்சிருக்கீங்களா?”

பதியவில்லை. நர்ஸ் தன்மையாகத்தான் சொன்னாள். “அப்ப ரத்த சொந்தம் யாராவது வந்து கையெழுத்துப் போடணும்.”

மாமியாரை அவசரமாக டாக்சியில் வரவழைத்தார்கள். வந்த அவசரத்தில் மாமியார் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாள். எந்த இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று இவள்தான் படிவத்தில் விரலை வைத்துக் காட்டினாள். காட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டாள். அழவில்லை.

அவளுக்கு வேலை பல் செட் செய்வது. வாயின் அச்சைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவாள். ஒரு பல் மயிரிழை தள்ளி நின்றாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பதினான்கு வருடங்களுக்கு முன் அந்த வேலைக்காகத்தான் வெளிநாடு போனாள். ஒருநாள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டாள். வெளியே நின்று மோட்டாரைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தான் லிஃப்ட் மெக்கானிக் ஒருவன். “கொஞ்சம் மரியாதையா பேசுங்க, உள்ள ஆள் இருக்கு” என்று உள்ளேயிருந்து தமிழிலேயே குரல் வந்ததும் மெக்கானிக் ஆடிப்போய்விட்டான். மூன்று வருடம் கழித்து அந்த ஊர் நகராட்சியில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

பெண் வீட்டில் கேட்பதற்கு ஆளில்லை. அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். மெக்கானிக்கின் அப்பா எடைமேடையில் குமாஸ்தா. லாரிகளின் எடையை எழுதி எழுதி, பேச்சையும் அளந்தே பேசுகிற மனிதர். “என்னைக் கேக்காம செய்யற காரியத்துக்கு எங்கிட்ட எதுக்குச் சொல்றே?” என்று போனை வைத்துவிட்டார். அவர் இருந்தவரை மருமகள் என்ற சொல் அந்த வீட்டில் புழங்கவில்லை. அவர் காலமாகி மூன்று வருடம் கழித்து இவர்கள் ஊர் திரும்பி, மாமியாரோடு ஒரே வீட்டில் குடியேறினார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வந்ததே இல்லை. சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமும் வரவில்லை.

அறுவை முடிந்து கணவன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவள் சான்றிதழை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகம் போனாள். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்த பதிவாளர் அம்மா ஒரு பட்டியல் கொடுத்தார். அந்த நாட்டு வெளியுறவுத் துறையின் முத்திரை, அதற்கு மேல் நம் தூதரகத்தின் முத்திரை, அங்கீகாரம் பெற்றவர் செய்த மொழிபெயர்ப்பு. கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட கூட வேலை பார்த்த பழைய தோழி அங்கே இவளுக்காக வரிசையில் நின்று முத்திரைகளை வாங்கி அனுப்பினாள். எல்லாம் கைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று.

பதிவாளர் முத்திரைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மொழிபெயர்ப்பைப் படித்தவர் பாதியில் நின்றார்.

“உங்க வீட்டுக்காரர் பேரு என்னன்னு சொன்னீங்க?”

சொன்னாள்.

“இதுல வேற பேரு இருக்கே?”

வாங்கிப் பார்த்தாள். அந்த ஊர் வழக்கத்தில் குடும்பப் பெயர்தான் பெரிது. மெக்கானிக்கின் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு முழுசாக அச்சடித்துவிட்டு, அவன் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கியிருந்தார்கள். நம் ஊரில் அப்பாதான் இனிஷியல். அங்கே பிள்ளை இனிஷியலாகிவிட்டான். வேற்றுமொழி எழுத்தில் இத்தனை வருடம் அது உறுத்தவில்லை. தமிழில் வந்ததும் முகத்தில் அறைந்தது.

“அது என் மாமனார் பேருங்க” என்றாள் மெதுவாக.

“பிறந்த தேதி இருக்கான்னு பார்த்தா, ‘உரிய வயதை அடைந்தவர்’னு மட்டும் போட்டிருக்கான். பாஸ்போர்ட் நம்பரும் இல்லை. இதை நம்பி நான் பதிஞ்சா, உங்க மாமனார்தாம்மா உங்க வீட்டுக்காரர்.” பதிவாளர் கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். “தப்பா நினைக்காதீங்க, சுலபமான வழி ஒண்ணு சொல்றேன். ரெண்டு பேரும் வந்து இங்க புதுசா கல்யாணம் பதிஞ்சுக்குங்க. ஒரே நாள்ல முடிஞ்சிடும்.”

புதுப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். கணவனுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று.

“உன்னை ரெண்டாவது தடவை கட்டிக்கச் சொன்னா கசக்குதா எனக்கு? பேனாவைக் குடு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பேனாவைக் கொடுக்காமல் படிவத்தின் ஐந்தாவது வரியைக் காட்டினாள். ‘இதற்கு முன் எனக்குத் திருமணம் ஆகவில்லை என உறுதி கூறுகிறேன்.’

“இதுல கையெழுத்துப் போட்டா பதினோரு வருஷம் நாம யாரு?”

“சும்மா ஒரு காகிதம்தானே.”

“சும்மா ஒரு காகிதம்தான் அன்னைக்கு என்னை வராந்தாவுல நிக்க வெச்சுது. அங்க உங்க கால் உடைஞ்சப்ப நான்தான் கையெழுத்துப் போட்டேன். நீ யாருன்னு ஒருத்தரும் கேக்கல. ஆகலன்னு நான் எப்படி எழுதுவேன்? பொய்யில்ல?”

அறுத்த இடம் இழுத்ததோ என்னவோ, மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் விஷயம் என்னவென்று கேட்டாள். மகன் விளக்கிச் சொன்னான். அவள் ஒரு தலையணை உறையை நாலாக மடித்து வைத்துவிட்டு, நிதானமாக மருமகளைப் பார்த்தாள்.

“அந்தக் கணக்குப்படி நான் உனக்கு என்ன முறையாகணும்? சக்களத்தியா?”

மூவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மெக்கானிக் “ஐயோ, சிரிக்க வைக்காதீங்கம்மா, அறுத்த இடம் இழுக்குது” என்று கெஞ்சினான். சிரித்து ஓய்ந்ததும் மாமியார் கேட்டாள். “அந்தப் பேரு உங்க மாமாவோடதுதான், கட்டினது அவரில்லன்னு நான் வந்து சொன்னா எடுத்துக்குவாங்களா?”

பதிவாளரிடம் கேட்டார்கள். மணமகனின் தாயார் நேரில் வந்து உறுதிமொழி கொடுத்தால் பார்க்கலாம் என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மூவரும் போனார்கள். மாமியார் இந்தத் தடவை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே கிளம்பினாள். பதிவாளர் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

“கல்யாணத்துக்கு நீங்க போயிருந்தீங்களாம்மா?”

“இல்லைங்க.”

“உங்க வீட்டுக்காரர்?”

“அவரு எங்க போனாரு? வீட்லதான் இருந்தாரு.”

“அந்த நாள் அவ்வளவு நிச்சயமா ஞாபகம் இருக்கா?”

மாமியார் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “புதன்கிழமைங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் கல்யாணம்னு பையன் முந்தின நாள் போன் பண்ணினான். இவரு ஏதோ சொல்லி வெச்சுட்டாரு. மறுநாள் வேலைக்குப் போகல. முப்பத்திரண்டு வருஷத்துல காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனுஷன். முகம் மழிச்சு, சலவைச் சட்டையைப் போட்டுக்கிட்டு நாற்காலியில உக்காந்துட்டாரு. எங்கயாவது போறீங்களான்னேன். இல்லைன்னாரு. பத்து மணியானதும், ‘அங்க இப்ப மணி என்ன இருக்கும்’னு எங்கிட்ட கேட்டாரு. எனக்கென்ன தெரியும்? மத்தியானம் வரைக்கும் அப்படியே உக்காந்திருந்துட்டுச் சட்டையைக் கழட்டி மாட்டினாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. நானும் சொல்லல.”

பதிவாளரின் பேனா நின்றிருந்தது. மெக்கானிக் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோளைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல், அவள் தன் நாற்காலியை அவன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

பதிவாளர் தொண்டையைச் செருமினார். “அம்மா, அன்னைக்கு அவரு வேலைக்குப் போயிருந்தா, அந்த வருகைப் பதிவேடே நமக்கு நல்ல சாட்சியா இருந்திருக்கும். லீவுன்னு சொல்றீங்களே.”

“அந்த மனுஷன் எப்பவும் அப்படித்தாங்க. பாசத்தைக்கூட யாருக்கும் உதவாம வெச்சுக்குவாரு.”

“பாஸ்போர்ட் வெச்சிருந்தாரா?”

“பாஸ்போர்ட்டா? அவரு போட்டோ எடுத்துக்கிட்டதே ஆயுசுல ரெண்டு தடவை.”

பதிவாளர் முகம் மலர்ந்தது. “அப்படிச் சொல்லுங்க. பாஸ்போர்ட்டே இல்லாத ஆளு வெளிநாட்டுக்குப் போய்த் தாலியா கட்டியிருக்க முடியும்?” பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஒரு விசாரணைக் கடிதம் எழுதினார். உறுதிமொழியை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு மாமியாரிடம் நீட்டினார். அவள் ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

அப்படி ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கப்படவே இல்லை என்று மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதற்கடுத்த வாரம் பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். மெக்கானிக் வேலைக்குப் போய்விட்டதால் மாமியாரும் மருமகளும் மட்டும் போனார்கள். சான்றிதழில் மணமகன் பெயர் முழுசாக இருந்தது; மாமனார் முன்னால் ஒற்றை எழுத்தாக நின்றார். திருமண நாள் என்ற இடத்தில் பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்தப் புதன்கிழமையின் தேதி. அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். ஒன்றும் தள்ளி நிற்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து, சான்றிதழ் இருந்த கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டு மூன்று நிறுத்தம் போன பிறகு, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

“அன்னைக்கு என்ன உடுத்தியிருந்தே?”

இவள் எதிர்பார்க்கவில்லை. “விசேஷமா ஒண்ணுமில்ல அத்தை. காலையில ஒரு பல் செட் அவசரமாக் கேட்டாங்க. முடிச்சுக் குடுத்துட்டு ஓடினேன். கையெல்லாம் பிளாஸ்டர்.”

“கல்யாணப் பொண்ணு கையிலயா?”

“மோதிரமே ஏற மாட்டேன்னுடுச்சு. அங்க இருந்த ஆபீசர் அம்மா குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய் சோப்புப் போட்டுக் கழுவி விட்டாங்க.”

மாமியார் சிரித்தாள். இவள் பக்கம் திரும்பி வாகாக உட்கார்ந்துகொண்டாள்.

“சரி, மொதல்லேருந்து சொல்லு. எத்தனை மணிக்கு எழுந்தே?”

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.