மறு பாதியில் ஒருவன்

சிறையிலிருந்து விடுதலையான இருநூறு பேரைக் கம்ப்யூட்டர் குலுக்கலில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆறு மாதம் தொழிற்பயிற்சி. மறு பாதிக்கு ஒன்றும் கிடையாது. மாதம் ஒருமுறை கேள்விகள் மட்டும். பயிற்சியால் குற்றம் குறைகிறதா என்று அறிய வேறு நேர்மையான வழி இல்லை என்று இதை நடத்திய ஆராய்ச்சிக்காரி மனதார நம்பினாள்.

வெல்டர் என்று எல்லோரும் கூப்பிட்ட ஆள் மறு பாதியில் விழுந்தான். மூன்றாவது மாதம், அவள் கேள்வித்தாளை எடுப்பதற்குள் பேச ஆரம்பித்தான்.

"மேடம், எந்தப் பட்டறையிலயும் உள்ள விட மாட்டேங்கிறாங்க. அக்கா வீட்டுல எத்தனை நாள் ஒண்டிக்கிட்டு இருக்கிறது? மச்சான் முகம் கொடுத்துப் பேசறதில்ல. அந்த வகுப்புல ஒரு ஓரமா உட்கார்ந்துக்கறேனே."

"ஒருத்தரை மாத்தினாலும் மொத்த ஆராய்ச்சியும் கெட்டுப்போயிடும். அடுத்த வருஷம் உங்களுக்குத்தான் முதல் இடம்."

அவன் சிரித்தான். "கம்ப்யூட்டருக்கும் என் மூஞ்சி பிடிக்கல போல." பிறகு நாற்பது கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். தூக்கம் எப்படி என்றதற்குப் பரவாயில்லை என்றான். அவளும் அப்படியே குறித்துக்கொண்டாள்.

ஐந்தாவது மாதம் அவன் வரவில்லை. வீடு தேடிப் போனாள். அக்காதான் கதவைத் திறந்தாள். தம்பி உயிரை மாய்த்துக்கொண்டு பதினோரு நாள் ஆகிறது என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

ஆண்டு முடிவில் ஆராய்ச்சிக்காரி அட்டவணையைப் பார்த்தாள். 'மீண்டும் கைதாகாதவர்கள்' என்ற கட்டத்தில் அவனும் ஓர் எண்ணாக இருந்தான்.

"இவரை இதுல எப்படி சார் சேர்க்கிறது?" என்று ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய பேராசிரியரிடம் கேட்டாள்.

"கைதாகலையே. எதை எண்ணணும்னு ஆரம்பத்துல எழுதிட்டோம். நடுவுல மாத்தினா நாமே முடிவை வளைக்கிற மாதிரி ஆயிடும்மா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடிக்குறிப்பு வேணும்னா போடலாம்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. மீண்டும் கைதானவர்கள் எண்ணிக்கையில் இரண்டு பாதிக்கும் இடையே பெரிய வித்தியாசமும் இல்லை. பயிற்சி பயனற்றது என்று அரசு அதை நிறுத்தியது.

பயிற்சி கிடைத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று தெரிந்தால் அக்காவுக்கு மனம் ஆறும் என நினைத்து மறுபடி போனாள். அக்கா வாசலிலேயே நின்று கேட்டாள்.

"நூறு பேருக்கு உதவலைன்னு சொல்றீங்க. என் தம்பிக்கும் உதவியிருக்காதுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது."

"அவனுக்குக் காலைல சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்ப ஒரு இடம் வேண்டியிருந்துதும்மா," என்றாள் அக்கா. உள்ளே மச்சான் கூப்பிட்டார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.