பெர்கனுக்கு மியூனிக் வழியாக

கோபன்ஹேகனிலிருந்து நார்வேயிலுள்ள பெர்கனுக்குப் போக வடக்கே பறக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலையில் டோர்கிலும் அவன் மனைவி போடிலும் தெற்கே பறந்துகொண்டிருந்தார்கள். மியூனிக் போய் அங்கே விமானம் மாறி, கிளம்பின ஊரின் தலைக்கு மேலாகவே திரும்பப் பறந்து பெர்கன் போய்ச் சேருவதாக ஏற்பாடு. நேரே போகிற, மலிவுக் கம்பெனி ஒன்றின் மஞ்சள் விமானம் தினமும் காலையில் உண்டு. காப்பி ஆறுவதற்குள் இறக்கிவிட்டுவிடும் என்று போடில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"மஞ்சள்ல மனுஷன் போவானா? முட்டி முன் சீட்டுல இடிக்கும். தண்ணிக்குக்கூடக் காசு கேப்பான்" என்றான் டோர்கில்.

முட்டி ஒரு சாக்கு. உண்மைக் காரணம் தங்க அட்டை. நீல விமானக் கம்பெனி ஒன்று அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கொடுக்கும் அட்டை அது. இந்த மாதக் கடைசிக்குள் இன்னும் ஒரு நீண்ட பயணம் அவன் கணக்கில் ஏறாவிட்டால் தங்கம் வெள்ளியாகிவிடும். மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் பொறியாளராக இருக்கிறவனுக்குப் பறக்க வேண்டிய வேலை ஏதும் கிடையாது. ஆனாலும் வாரக் கடைசி வந்தால் பறப்பான். ஜூரிக் போய் விமான நிலையத்திலேயே சாப்பிட்டுவிட்டு ஊரைக் கண்ணால் பார்க்காமல் திரும்பி வருவான். வந்ததும் எந்தக் கம்பெனியில் சீட்டு அகலம், எதில் சூப் சூடு, எதில் பணிப்பெண் சிரித்தாள், எதில் பல்லை மட்டும் காட்டினாள் என்றெல்லாம் ஒப்பிட்டு, நட்சத்திரம் போட்டு, தன் இணையப் பக்கத்தில் எழுதுவான். அதைப் படிக்கவும் ஐரோப்பா முழுக்க அவனைப் போலவே நாலு பேர் இருந்தார்கள்.

இந்தக் கதைகளையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கேட்ட ஒரே ஆள் போடிலின் அம்மா மாரென்தான். மருமகன் எங்கே கிளம்பினாலும் கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்புவாள். "வானத்துல நல்ல சோறு எவன் தர்றான்" என்பாள். அவள் போய்ச் சேர்ந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. அடக்கத்தன்று டோர்கில் அழுத அழுகையைப் பார்த்து, மகள்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று.

இப்போது பெர்கனில் போடிலின் தங்கை ரிக்கேவுக்கு, இனி இல்லை என்று எல்லோரும் விட்டுவிட்ட வயதில், ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் ஞானஸ்நானம். ஞானத்தாய் போடில், ஞானத்தகப்பன் டோர்கில். அவர்கள் குடும்பத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தண்ணீர் தெளிக்கும்வரை குழந்தையின் பெயரை வெளியே விட மாட்டார்கள். அதுவரை வெறும் 'குட்டி'தான். பெயர் என்ன என்று போதகர் கேட்கும்போது, குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய்தான் முதன்முதலாக அதை உரக்கச் சொல்ல வேண்டும். ரிக்கே அந்தப் பெயரைப் போனில் அக்காவின் காதில் மட்டும் போட்டிருந்தாள். டோர்கில் எவ்வளவோ நச்சரித்தான்.

"ஞானத்தகப்பனுக்குக்கூடச் சொல்லக் கூடாதா?"

"சர்ச்சுல பக்கத்துலதானே நிக்கப்போறே. அப்போ கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டாள் போடில்.

அம்மா, அக்கா, தங்கை மூவரும் ஞானஸ்நானத்தன்று போட்ட அதே நீண்ட வெள்ளைக் கவுன்தான் இந்தக் குட்டிக்கும். அதை மெல்லிய தாளில் சுற்றி, ஒரு சின்னப் பையில் வைத்து, மடியிலேயே வைத்திருப்பதாகத்தான் போடில் நினைத்திருந்தாள். கோபன்ஹேகனில் விமானம் ஏறும் வாசலிலேயே அந்த நினைப்பில் மண் விழுந்தது. விமானம் நிறைந்துவிட்டது, யாராவது கைப்பையைக் கீழே சாமான் அறையில் வைக்கத் தந்தால் நல்லது என்று அறிவித்தார்கள். டோர்கில் அவள் தோளிலிருந்த பையைக் கழற்றிக் கொடுத்தேவிட்டான்.

"டோர்கில், அதுல கவுன் இருக்கு."

"தெரியும். தங்க அட்டைக்காரங்க பைக்கு ஆரஞ்சு அட்டை கட்டுவாங்க. இறங்கினதும் பை வர்ற பெல்ட்டுல முதல்ல அதுதான் வரணும். நிஜமாவே முதல்ல வருதான்னு இதுவரைக்கும் எவனும் ஒழுங்கா எழுதினதில்ல."

"அதுக்கு என் பைதான் கிடைச்சதா?"

"என் பையில லேப்டாப் இருக்கே."

இருபது வருஷமாக இவனோடு பறப்பவளுக்கு, எங்கே பேச்சு வீண் என்று தெரியும்.

மியூனிக்கில் தங்க அட்டைக்காரர்களுக்கென்று தனிக் கூடம். மெத்தை நாற்காலி, பழம், பாலாடைக்கட்டி, வேண்டிய மட்டும் பீர். டோர்கில் ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து, படம் பிடித்து, ஒரு வாய் குடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான்.

"போன தடவையை விட ஆறிப்போயிருக்கு. ஹெல்சிங்கியில இதே சூப்பு நாக்கைச் சுடும்."

"குடிச்சு முடி. வாசலுக்குப் போகலாம்."

"எதுக்கு அவசரம்? நம்மளை விட்டுட்டுப் போகமாட்டாங்க."

அது உண்மைதான். யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை, ஏனென்றால் விமானமே போகவில்லை. விமான அறிவிப்புப் பலகையில் பெர்கன் வரி முதலில் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகி, ரத்து என்று வந்து நின்றது. போடில் எழுந்து நின்றாள். டோர்கில் கிண்ணத்தை மெதுவாக வைத்துவிட்டு, தங்க அட்டைக்காரர்களுக்கான தனி மேசைக்கு அவளை அழைத்துப் போனான். வரிசையே இல்லை, பார்த்தாயா என்று வழியில் சுட்டிக்காட்டவும் தவறவில்லை.

மேசைக்குப் பின்னால் கழுத்தில் நீலத் துணி கட்டிய பெண் மிகவும் தன்மையாகப் பேசினாள். "இன்ஜின்ல ஒரு கோளாறு சார். ரொம்ப வருத்தப்படறோம். தங்க அட்டை இருக்கறதால உங்களைத்தான் முதல்ல கவனிச்சிருக்கோம். நாளைக்கு மத்தியானம் விமானத்துல ரெண்டு பேருக்கும் ஜன்னலோரம் போட்டாச்சு. ராத்திரி ஹோட்டல், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு."

"நாளைக்குக் காலையில நான் சர்ச்சுல இருக்கணும்" என்றாள் போடில். "முதல்ல கவனிச்சும் மத்தியானம்தானா? அப்போ கடைசியா கவனிக்கறவங்க எப்போ போவாங்க?"

"மன்னிக்கணும் மேடம். வேற வழியில்ல."

"என் பையாவது கிடைக்குமா?"

"அது உங்களோடயே நாளைக்கு வரும் மேடம். ஆரஞ்சு அட்டை கட்டியிருக்கே. பத்திரமா இருக்கும்."

வேறு வழி இருந்தது. அதைச் சொன்னவர் தங்க மேசைக்காரரல்ல, கூடத்துக்கு வெளியே சாதாரண வரிசையில் நின்றிருந்த ஒரு நார்வேக்காரர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, காலில் ரப்பர் பூட்ஸ். போனைத் தட்டிக்கொண்டே அவர் யாருக்கென்றில்லாமல் சொன்னார். "இங்க நின்னா வேர்தான் விடும். மஞ்சள்ல ஆஸ்லோவுக்கு இப்போ இடம் இருக்கு. அங்கேர்ந்து ராத்திரி ரயில். காலையில பெர்கன்ல இறங்கி முகம் கழுவலாம்."

போடில் புருஷனைப் பார்த்தாள். "ரெண்டு டிக்கெட் எடு."

டோர்கில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"இந்த டிக்கெட்டைப் பாதியில விட்டா கணக்குல ஏறாது போடில். வந்த தூரமும் வீணாயிடும். தங்கம் போயிடும்."

"போகட்டும்."

"அதுவுமில்லாம பை இங்க இருக்கு. யாராவது ஒருத்தர் கூட வரணுமில்ல?"

"பை தானே வந்து சேரும். நீ அதுக்குக் காவலா?"

"காலையில எப்படியும் ஒரு விமானத்தை ஏற்பாடு பண்ணுவாங்க. நான் இவங்களை எத்தனை வருஷமாப் பார்க்கறேன். பெரிய கம்பெனி. அந்த மஞ்சள் மாதிரி நடுத்தெருவுல விடமாட்டாங்க."

"விட்டுட்டாங்க டோர்கில். இது நடுத்தெருதான். மெத்தை போட்டிருக்கறதால உனக்குத் தெரியல."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபத்தை விட அலுப்புத்தான் மேலோங்கி நின்றது. நின்று சண்டை போட்டால் அந்த விமானமும் போய்விடும்.

"அப்போ நீ போ" என்றான் அவன் கடைசியில். "நான் நேரத்துக்கு வந்துடுவேன், பாரேன். கவுனோட வருவேன்."

அவள் ஒரே ஒரு டிக்கெட் எடுத்தாள்.

மஞ்சள் விமானம் டோர்கில் சொன்னதற்கு ஒரு அணுவும் குறைவில்லாமல் மட்டமாக இருந்தது. முட்டி இடித்தது. நடு சீட்டு. ஒரு பக்கம் வேகவைத்த முட்டையை உரித்து உரித்துத் தின்ற அம்மாள், இன்னொரு பக்கம் தூக்கத்தில் தோளில் சாய்ந்த இளைஞன். தண்ணீருக்குக் காசு கேட்டார்கள். அத்தர் விற்றார்கள், லாட்டரிச் சீட்டு விற்றார்கள், கண்ணை மூடினால் ஒலிபெருக்கியில் எழுப்பி மறுபடி விற்றார்கள். இறங்கும்போது பல் கிடுகிடுத்தது. டோர்கில் இதற்கு ஒரு நட்சத்திரம்தான் கொடுப்பான், அதுவும் நியாயமாகத்தான் இருக்கும். அவன் ஒப்பீட்டில் என்றைக்குமே பிழை இருந்ததில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலிலும் எரிச்சல். எல்லாவற்றையும் சரியாக அளந்துவிட்டு, எங்கே போகிறோம் என்பதை மட்டும் மறந்துவிடுகிற ஒருவனை எந்த வாதத்தில் ஜெயிப்பது? ஆனாலும் இந்த மட்டமான விமானம் கிளம்பியது, போக வேண்டிய ஊரில் இறக்கியது. ஆஸ்லோவில் அவள் ரயிலைப் பிடித்தாள்.

பெர்கனில் மழை. பெர்கனில் வேறென்ன இருக்கும். கழுத்து பிடித்துக்கொள்ள, நேற்றைய துணியோடு அக்கா இறங்கி வருவதைப் பார்த்து ரிக்கே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிறகு வெறும் கையைப் பார்த்தாள்.

"அக்கா, கவுன் எங்க?"

"முன்னுரிமையோட வந்துட்டிருக்கு."

"மாமா?"

"அவரும்தான்."

ரிக்கே அழுவாளோ என்று போடில் பயந்தாள். அவள் அழவில்லை. கடையில் வாங்கிய வெள்ளை இரவுச் சட்டை ஒன்றைக் குட்டிக்குப் போட்டு, நீளமான கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். டோர்கில் நிற்க வேண்டிய இடத்தில், ரிக்கேயின் கணவன் ஏவின் தன் நண்பன் ஒருவனை நிறுத்தினான். அவன் டிராம் ஓட்டுகிறவன். ஆராதனை முடிந்ததும் வண்டியேற வேண்டும் என்று சீருடையிலேயே வந்திருந்தான். முதல் பாட்டு தொடங்கியது. போடில் ஒரு முறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் பார்க்கத்தான் செய்தாள். கதவு சாத்தியே இருந்தது.

"குழந்தையின் பெயர் என்ன?" என்று பெண் போதகர் கேட்டார்.

"மாரென்" என்றாள் போடில்.

எங்கோ பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ரிக்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் தலையில் பட்டதும் குழந்தை வீறிட்டது.

விருந்து முடிந்து, கேக்கில் பாதி தீர்ந்து, வந்தவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த வேளையில் டோர்கில் வந்து சேர்ந்தான். நல்ல தூக்கம் தூங்கிய முகம். ஹோட்டலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆரஞ்சு அட்டை தொங்கும் சின்னப் பையைப் பரிசுக் கோப்பை மாதிரித் தூக்கிக்காட்டினான்.

"முதல் பை. பெல்ட் நகர ஆரம்பிச்சதும் இதுதான் வந்துச்சு. படம் எடுத்திருக்கேன்."

கோட்டு மாட்டியவர்கள் அவனைத் தாண்டி வெளியே போனார்கள். அவன் கை மெதுவாக இறங்கியது. ரிக்கேயின் தோளில் தூங்கும் குழந்தையை, மடித்துவிட்ட கையோடு இருந்த அந்தக் கடைச் சட்டையைப் பார்த்தான்.

"காலையில கண்டிப்பா அனுப்புவாங்கன்னு நினைச்சேன்" என்றான். பிறகு, குரலை இறக்கி, "என்ன பேரு வச்சீங்க?"

ரிக்கே அக்காவைப் பார்த்தாள். ஏவினும் பார்த்தான். பெயரைச் சொல்ல வேண்டியது அவள்தானே.

"காலையிலேயே சொல்லிட்டேன்" என்றாள் போடில். "பையைத் திற. கவுனை எடுத்து உள் ஓரத்தைத் திருப்பிப் பாரு."

அவன் மெல்லிய தாளைப் பிரித்தான். உள் ஓரத்தில் அந்தக் கவுனைப் போட்ட பெண்களின் பெயர்கள் வெள்ளை நூலில் வரிசையாக இருந்தன. மாரென், போடில், ரிக்கே. அதற்குக் கீழே இன்னும் அழுக்குப்படாத புது நூலில், மறுபடியும் மாரென்.

டோர்கில் கண்ணாடியைக் கழற்றினான், ஆனால் துடைக்கவில்லை. அந்தப் புது நூலை விரலால் தடவிப் பார்த்தான்.

"இதை எப்போ தைச்சே?"

"போன மாசம். எந்த வழியாப் பறந்தா தங்கம் நிக்கும்னு நீ லேப்டாப்புல தேடிட்டிருந்தியே, அப்போ. சோபாவுல, உன் பக்கத்துலயேதான் உட்கார்ந்து தைச்சேன்."