தண்ணீரில் முளைத்த கிருமி

சென்னியம்மாளுக்கு விடாத காய்ச்சல். ஆனால் அவள் சளியில் காசநோய்க் கிருமி இல்லை. எத்தனை முறை சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தாலும் இல்லை. டாக்டர் தண்டாயுதபாணி அத்தோடு விட்டிருக்கலாம். சேலத்தில் சொந்தமாக ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டு, கப்பலில் ஐரோப்பியப் பத்திரிகைகளை வரவழைத்துப் படிக்கிற மனுஷருக்கு அது எப்படிப் போதும்? கிருமியை ரத்தத்திலிருந்தே வளர்த்துக் காட்டலாம் என்று ஒன்றில் போட்டிருந்தது. 1930களில் அதுதான் புதுப் பேச்சு.

அவள் ரத்தத்தில் ஜாடியிலிருந்து தண்ணீர் விட்டு அணுக்களை உடைத்தார். அடியில் தங்கியதை அமிலத்தில் கழுவி, கிருமிக்குத் தீனியாக முட்டையில் செய்த பச்சைக் கட்டியின்மேல் பூசி, கதகதப்பான பெட்டிக்குள் வைத்தார். சில வாரங்களில் பொரிபொரியாய் முளைத்தது. சாயம் ஏற்றினால் காசக் கிருமியைப் போலவே சிவப்புக் குச்சிகள். டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"காசந்தான். குழந்தையைக் கிட்டவே விடாதீங்க" என்றார், மோகனூரிலிருந்து வந்த அவள் கணவன் மயில்சாமியிடம். மயில்சாமி டாக்டர் சொல்லைத் தட்டாதவர். மனைவியைத் தோட்டத்து ஓலைச் சாளையில் தனியே வைத்தார். பால்குடி மறக்காத மகளை அண்ணி பாப்பாயியிடம் கொடுத்தார்.

சில மாதம் கழித்து, கால் முறிந்து வந்த வண்டிக்காரன் கந்தனின் ரத்தத்தையும் டாக்டர் சோதித்தார். கல் மாதிரி உடம்பு அவனுக்கு. அவன் ரத்தத்திலும் முளைத்தது. டாக்டருக்குத் தண்ணீர்மேல் சந்தேகம் வந்தது. ரத்தமே சேர்க்காமல் வெறும் தண்ணீரைப் பூசி வைத்தார். அதுவும் முளைத்தது. தண்ணீர் ஜாடியின் ரப்பர் குழாயை அறுத்தால் உள்ளே வழவழவென்று பாசி. காசக் கிருமிக்குப் பங்காளி முறையில் ஒன்று, யாருக்கும் கெடுதல் செய்யாதது, அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இந்த வெறும் தண்ணீர்ச் சோதனையை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு மோகனூருக்கு வண்டி ஏறினார்.

சாளையில் சென்னியம்மாள் காய்ச்சல் விட்டுத் தேறியிருந்தாள்.

"உங்களுக்குக் காசம் இல்லீங்க அம்மா. என் தண்ணியில இருந்த கிருமியை உங்க ரத்தத்துல இருந்ததுன்னு நம்பிட்டேன். தப்பு என்னுது."

அவள் கோபப்படவில்லை. "அப்பப் புள்ளையத் தூக்கலாங்களா?"

"தாராளமாத் தூக்கலாங்க."

மயில்சாமி ஆள் அனுப்ப, பாப்பாயி குழந்தையோடு வந்தாள். சென்னியம்மாள் கையை நீட்டினாள். குழந்தை வீறிட்டுப் பாப்பாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆத்தா, ஆத்தா" என்று அவள் தோளில் முகத்தைப் புதைத்தது. அதற்குப் பேச்சு வந்ததே பாப்பாயி வீட்டில்தான்.

"உன்ற ஆத்தா அதா நிக்கறா, பாரு சாமி" என்று பாப்பாயி கெஞ்சினாள். அழுகை கூடியது. டாக்டர் குன்றிப்போய் நின்றார்.

சென்னியம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"அளுவ உடாதீங்கக்கா. ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. அது தூங்குனப்புறம் நான் வாரேன்."