திருவனந்தபுரம் பஸ்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது வக்கீல் குமாஸ்தா சின்னச்சாமி என்று ஒருவர் போன் பண்ணினார்.

"நாகஜோதியா? உனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுல்ல? கோர்ட்டு உன் பேருல பேங்குல போட்ட பணம் நாலு லட்சத்துக்கு மேல நிக்கிது. ஆதாரை எடுத்துக்கிட்டு வா."

"எனக்கு எதுக்குண்ணே கோர்ட்டு பணம் போடுது?"

"என்னத்தா இப்படிக் கேக்குற? கொட்டாம்பட்டி ரோட்டுல லாரி அடிச்சுச் செத்த சோணைமுத்து மகதான நீ?"

மூட்டையை இறக்கி வைத்தேன். எனக்கு மூன்று வயதானபோது அப்பா கேரளாவுக்கு ரப்பர் பால் எடுக்கப் போனார் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். திருவனந்தபுரம் பஸ் வந்து நின்றால் இறங்குகிற ஆம்பளைகளின் முகத்தை அன்றுவரை பார்த்துவந்தேன். பழைய ரேஷன் கார்டில் இருந்த படம்தான் அடையாளம்.

அம்மா கல்யாண மாலை கட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

"அப்பா செத்துட்டாராம்ல."

நார் முறுக்கும் கை நிற்கவில்லை. "மெதுவாப் பேசு. நாளைக்கு முகூர்த்தம்."

"ஏன் மறைச்ச?"

"தாலியறுத்தவ கட்டுன மாலைய எவன்டி மணவறையில போடுவான்? உன்ன வச்சுக்கிட்டு மண்ணத் திங்கவா? ஊர விட்டு வந்து, ஆளு கேரளாவுல இருக்காருன்னேன். யாவாரம் ஓடுச்சு."

"எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்."

"மூணு வயசுல சொன்னா கடை கடையாப் போயிச் சொல்லிருப்ப. பெறகு நீ பஸ்ஸப் பாத்துக்கிட்டு நின்ன. எப்பிடிச் சொல்ல?"

"அழுதியா?"

"அழுதா மூஞ்சி வீங்கும்."

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு கடை காலியாக இருந்தது. அட்வான்ஸ் நாலு லட்சம். எடுப்போம் என்றாள் அம்மா.

"அப்ப சாகுற மட்டும் இந்தக் குங்குமத்தோடதான் திரியணும்."

"திரியுறேன். உனக்கு மூட்டை தூக்குற வேலை ஒழியும்ல."

பேங்குப் படிவத்தில் அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போடச் சொன்னார்கள். போட்டேன். அவருக்காக நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

கடை திறந்த அன்று முதல் ஆளாக வந்த கல்யாண வீட்டுக்காரர் மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "வீட்டுக்காரரு எங்கத்தா?"

அம்மா பூக்கூடைக்குள் குனிந்துகொண்டாள்.

"கேரளாவுல இருக்காரு" என்றேன்.

எதிரே திருவனந்தபுரம் பஸ் வந்து நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அம்மா நிமிர்ந்து, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.