பின்பக்கம் மட்டும்

சலூன்காரருக்கு அந்தச் செல்போன் சமாச்சாரமே பிடிக்கவில்லை. எதிர்ச் சாரியில் ஏசி போட்டுத் திறந்த புதுக் கடை வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு போனபோதுகூட, "முடி வெட்டறதுக்குக் கத்தரி போதும், படம் எதுக்கு?" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருடைய மைத்துனன் விடாப்பிடியாகப் பக்கத்தில் உட்கார்ந்து, கடையின் பெயரில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தான். அவன் செல்போன் விற்கிறவன். உலகத்தில் எந்தச் சீக்குக்கும் அவனிடம் ஒரு செல்போன் மருந்து உண்டு.

முதலில் நாற்காலியைப் படம் பிடித்துப் போட்டார். மூன்று லைக். ஒன்று மனைவி, ஒன்று மைத்துனன், இன்னொன்று அவரே கைபட்டுப் போட்டுக்கொண்டது. அடுத்து சீப்பும் கத்தரியும். அதற்கும் அதே மூன்று பேர். எதிர்க்கடைக்காரன் எவன் தலையிலோ கோடு கிழித்துப் போட்டதற்கு ஊரே கைதட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதாவது எழுதலாமென்றால் விரல் பக்கத்து எழுத்தில் போய் விழுந்தது. யார் யாரோ பூங்கொத்து அனுப்பினார்கள். நீங்கள் யாரென்று கேட்டால் இன்னொரு பூங்கொத்து வந்தது.

"மாமா, நாற்காலியை எவன் பார்ப்பான்? வேலைக்கு முந்தி எப்படி இருந்துச்சு, முடிச்சப்புறம் எப்படி இருக்குன்னு ரெண்டு படம் போடுங்க. அதுதான் ஓடும்" என்றான் மைத்துனன்.

அப்படி இரண்டு படம் அவருடைய போனில் இருக்கத்தான் செய்தது. பஸ் டிரைவருடையது.

டிரைவர் அவருக்கு நெடுநாள் சிநேகிதர். சின்ன வயதிலேயே வழுக்கை விழுந்து, பழைய டிப்போவில் கேலி தாங்காமல் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தவர். தலையில் இருப்பது டோப்பா என்று இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. கடை லீவு நாளில் பின்வாசல் வழியாக வருவார். ஷட்டரை இறக்கிவிட்டு, சலூன்காரர் அதைக் கழற்றி, அலசி, திரும்ப ஒட்டிக் கொடுப்பார். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க, கழற்றிய பிறகு ஒன்றும் ஒட்டிய பிறகு ஒன்றுமாக எடுத்த படங்கள் அவை. நாற்காலியில் கேட்டது தன் கடை வாசலைத் தாண்டாது என்பதில் சலூன்காரருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அதனால்தான் போடுவதற்கு ரொம்பத் தயங்கினார். ஆனால் முகம் தெரிந்தால்தானே ஆள் தெரியும்? இரண்டுமே பின்பக்கத்திலிருந்து எடுத்தவை. பிடரியை வைத்து ஆளைச் சொல்லத் தன்னை மாதிரித் தொழில்காரனால்தான் முடியும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, ஒருநாள் காலையில் கடை திறந்ததும் போட்டுவிட்டார்.

மத்தியானத்துக்குள் லைக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. முகமெல்லாம் ஷேவிங் நுரையோடு ஒருவரைக் காக்க வைத்துவிட்டு, கீழே வந்திருந்த கமெண்டுகளைப் படித்தார்.

"இந்தக் கழுத்து மடிப்பை எங்கயோ பார்த்திருக்கேனே."

"காதுக்குக் கீழ மச்சத்தைப் பாருங்க. நம்ம ஏழாம் நம்பர் பஸ் டிரைவர்."

"ஆமா, தினமும் அவர் பின்னாடி நின்னுதான் ஆபீஸ் போறேன். அடப்பாவி, டோப்பாவா அது?"

சலூன்காரர் அவசரமாகப் போனைத் துழாவினார். அழித்துவிடலாமென்றால் எங்கே அழிப்பது? மைத்துனனைக் கூப்பிட்டதற்கு மூன்று புள்ளியைத் தட்டச் சொன்னான். எந்தப் புள்ளி? தட்டினால் படம் பெரிதானது. இன்னொரு தட்டில் அது மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது. "போடறதுக்கு இவ்ளோ பெரிய பட்டன் வெச்சவன், எடுக்கறதை மட்டும் ஏன்டா ஒளிச்சு வெச்சிருக்கான்?" என்று கத்தினார். ஒருவழியாகப் படம் மறைந்தது. அதற்குள் வேறு யார் யாருடைய பக்கத்திலோ அது ஓடிக்கொண்டிருந்தது.

நுரை காய்ந்துபோனவரை அவசர அவசரமாக முடித்து அனுப்பிவிட்டு, கடையை அடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். ஏழாம் நம்பர் கிளம்பத் தயாராக நின்றிருந்தது. கொளுத்துகிற வெயிலில் டிரைவர் தலையோடு கழுத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் இரண்டு பேர் அந்தத் துண்டைப் படம் எடுத்துக்கொண்டு இளித்தார்கள். சலூன்காரர் அவர்களை மறைத்தபடி டிரைவருக்குப் பின்னால் போய் நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன்பா. முகம் தெரியலையேன்னு நெனச்சேன். இப்ப அழிச்சிட்டேன்."

டிரைவர் திரும்பவில்லை. "என் முகத்தை இங்க எவன் பார்த்திருக்கான்? ஏறினா இறங்கற வரைக்கும் பிடரியத்தானே பாக்கறாங்க. நீ முகத்தைப் போட்டிருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"லீவன்னைக்கு வா, பேசிக்கலாம்" என்றார் சலூன்காரர் கெஞ்சலாக.

"இனி எதுக்கு ஒளிஞ்சு வரணும்? எதிர்க்கடையில போய் மொட்டை போட்டுக்கறேன். இறங்கு, வண்டி எடுக்கணும்."

இறங்கினார். பஸ் போய்விட்டது. அவமானமாகத்தான் இருந்தது, அதைவிட, ஒரு சிநேகிதனைக் கை நழுவ விட்டதுதான் உறுத்தியது. சட்டைப்பையில் போன் துடித்தது. முன்பின் தெரியாத யாரோ எழுதியிருந்தார்.

"டிரைவருக்கு வைத்த மாதிரியே எனக்கும் வேண்டும். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. உங்களை நம்பி வரலாமா?"

அங்கேயே வெயிலில் நின்று, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி, "நம்பாதீங்க" என்று அனுப்பினார்.